சுகவீனர் ஜெபத்தில் ஒரு பெயர்

தங்கம் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தமிழ்க் கோயிலில் (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் கதை சொல்லும்போது உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் பெஞ்சின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கதையை முடித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னவென்று கேட்டேன். “முதுகு கடுக்குது. வயசாவுதுல்லா?” என்றாள்.

கணவன்மார்களுக்கு இப்படிப்பட்ட பதில் ரொம்ப வசதி. நானும் அதை வாங்கிக்கொண்டு கச்சேரிக்குப் போய்விட்டேன். அரசாங்கக் கச்சேரியில் நான் குமாஸ்தா. மாதவிலக்கு நின்று சில வருஷமான பிறகு அவளுக்கு மறுபடி இரத்தம் படுகிறது என்பதும், எனக்கு முன்னால் எழுந்து துணியை அலசிக் காயப்போட்டுவிடுகிறாள் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதைப் படிக்கிற பெண்களில் யாருக்காவது இப்படி இருந்தால் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். கணவன் கேட்பான் என்று காத்திருக்காதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதிக்கு வெளியே ஒரு நீண்ட வராந்தா உண்டு. உள்ளே போக அனுமதியில்லாத ஆண்கள் எல்லாரும் அங்கேதான் நிற்போம். பிள்ளை பிறந்த செய்திக்காக நிற்கிறவன் பக்கத்திலேயே என்னைப் போன்றவனும் நிற்பான். டாக்டரம்மா வெளியே வந்து என்னைத் தனியாக அழைத்தபோது, பிள்ளைக்காக நின்றவர் என்னைப் பார்த்து வாழ்த்துகிற மாதிரி சிரித்தார்.

டாக்டரம்மா மலையாளி. எங்களிடம் பேசும்போது பாதித் தமிழ் கலந்து பேசுவார். “கர்ப்பப்பையின் கழுத்தில் ஒரு வளர்ச்சி உண்டு. நல்ல வளர்ச்சி அல்லா. தெற்கே மிஷன் ஆஸ்பத்திரியில் ரேடியம் வைக்கும். வேகம் கொண்டுபோகணும். பேடிக்கண்டா, கேட்டோ” என்றார். பேடிக்கண்டா என்றால் பயப்படாதே. ரேடியம் என்பது புற்றைக் கருக்குகிற கதிர் விடும் ஒரு உலோகம். பயப்படாதே என்று சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அடுத்த ஞாயிறு அவள் பெயரைக் கோயிலில் வாசித்தார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் சுகவீனர் ஜெபம் என்று ஒன்று உண்டு. எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்று அழைப்போம். அவர் சபையில் சுகமில்லாதவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, சற்று நிறுத்துவார். அந்த வீட்டைச் சேர்ந்தவர் இருந்த இடத்திலிருந்தே உரக்க “ஆமென்” என்பார். அதற்குப் பிறகுதான் அடுத்த பெயர்.

அது முடிந்ததும் நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபம். குழந்தை பிறந்தது, வேலை கிடைத்தது எல்லாம் அதில் வரும். கடைசியாக, “பயணத்துக்கு ஆயத்தமாகிச் சமாதானத்தோடே காத்திருக்கிறவர்கள்” பெயர் வரும். நோய் முற்றியவர்களை ஐயர் வீட்டில் வந்து பார்த்து, “உள்ளத்தில் சமாதானம் இருக்கிறதா?” என்று கேட்பார். இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அந்த வாரம் பெயர் முதல் ஜெபத்திலிருந்து இரண்டாவது ஜெபத்துக்கு மாறிவிடும். அதற்குப் பிறகு சுகத்துக்காக யாரும் கேட்கமாட்டார்கள். நன்றிதான் சொல்வார்கள். சபையில் இதைப் பெரிய பாக்கியமாக நினைப்பார்கள். நானும் மற்றவர்கள் விஷயத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

நான் கடைசி பெஞ்சுக்காரன். பிரசங்கத்தில் கண் அசருகிறவன். எங்கள் வீட்டு விசுவாசம் முழுவதும் தங்கத்தின் கைவசம் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு என்பதால் அவள் ஞாயிறு பள்ளியையே வீடாக வைத்துக்கொண்டாள். அவள் பெயருக்கு நான் ஆமென் சொன்ன முதல் நாள் குரல் எழும்பவில்லை. முன் பெஞ்சிலிருந்து டெய்சி அக்கா திரும்பிப் பார்த்தாள். சாலையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மனைவி, மாதர் சங்கத்துத் தலைவி. அவள் பார்வைக்குப் பயந்து இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.

தம்பானூரிலிருந்து பஸ்ஸில் தெற்கே போனோம். வழி நெடுக அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசாமல் வந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் ரேடியம் ஊசிகளை உள்ளே வைத்துக் கட்டி, அசையாமல் படுக்கவைத்தார்கள். அறைக்குள் யாரும் அதிகம் நிற்கக்கூடாது. நான் வாசலில் நின்று பேசுவேன், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். “பிள்ளையள யாரு பாத்துக்கிடுதா?” என்று அதையே கேட்டாள். டெய்சி அக்கா பாடம் நடத்துகிறாள் என்றேன். “அவ பிள்ளையள அடிப்பாளே” என்று வருத்தப்பட்டாள்.

திரும்பி வந்த பிறகு சில மாதங்கள் நன்றாக இருந்தாள். சாப்பிட்டாள், கொஞ்சம் சதை பிடித்தது, மறுபடி நின்றுகொண்டே பாடம் நடத்தினாள். ஸ்தோத்திர ஜெபத்தில் சுகம் பெற்றவள் என்று பெயர் வந்தது. நான் ஆமென் சொன்ன சத்தத்தில் பக்கத்துப் பெஞ்சில் ஒரு குழந்தை அழுதது. அந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சந்தோஷமாக இருந்தோம், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் வலி திரும்பி வந்தது. இந்தத் தடவை முதுகிலும் ஒரு காலிலும். கால் வீங்கி, தோல் பளபளத்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைக்கவில்லை. தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடமே சொன்னார். “பரவிப்போயி. இனி ரேடியம் வேண்டா. வீட்டில் இருந்தோ. வலிக்கு நான் மார்பியா தராம்.” மார்பியா என்பது வலியை மரக்கச் செய்யும் ஊசி மருந்து. வாரத்தில் சில நாள் அவரே வீட்டுக்கு வந்து போட்டார். மற்ற நாட்களில் போட ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தார். அவருடைய அருளை நான் எந்நாளும் மறக்கமாட்டேன்.

வீட்டில் நோயாளியைப் பார்ப்பது என்றால் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ரப்பர் விரிப்பின்மேல் துணியைச் சுருக்கமில்லாமல் விரிப்பது, படுக்கைப் புண் (ஒரே பக்கமாகக் கிடப்பதால் தோல் அழுகி வரும் புண்) வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டுவது, பெட்பான் வைப்பது, எல்லாவற்றையும் மாதர் சங்கத்துப் பெண்கள் வந்து காட்டித்தந்தார்கள். நாற்றத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்த நோயில் நாற்றம் உண்டு. நோயாளிக்கு அது தெரியும், அதுதான் அவளை அதிகம் கூச வைக்கும். டெய்சி அக்கா சாம்பிராணி கொண்டுவந்தாள். எங்கள் கோயிலில் சாம்பிராணி கூடாது. “கோயில்லதான் கூடாது. வீட்டுல ஆண்டவரு மூக்கப் பொத்திக்கிடமாட்டாரு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் புகைபோட்டாள்.

அவர்கள் வந்தது பெரிய உதவி. அதே நேரம் பெரிய தொந்தரவும்கூட. பாட்டு என்றால் எல்லாச் சரணமும் பாடுவார்கள். ஜெபம் என்றால் ஆளுக்கொன்று. ஜெபம் முடிந்தால் காப்பி. தங்கத்தைப் புரட்டிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, அடுப்பை மூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொடுத்துவிட்டு நான் கச்சேரிக்கு ஓடினேன். என் மேலதிகாரி தஞ்சாவூர்க்காரர். தாமதமாகப் போனால் கடிகாரத்தைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் கோப்பைத் தள்ளுவார்.

ஒரு நாள் ஐயர் வந்தார். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டுப் படியிறங்கிப் போன சற்று நேரத்தில், சபை மூப்பர் இரண்டு பேரோடு அவர் படியேறி வந்தார். மார்பியா ஏறுகிற நேரத்தில் நோயாளியின் முகத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும். நெற்றிச் சுருக்கம் விழுந்துவிடும். வாய் லேசாகத் திறந்து புன்சிரிப்புப் போல இருக்கும். ஐயர் குனிந்து, “தங்கம் டீச்சர், உள்ளத்துல சமாதானமா இருக்கீங்களா?” என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. அவரைப் பார்த்தாள், சிரிப்பது போலவே இருந்தாள், கண்ணோரத்தில் நீர் வழிந்தது. ஒரு மூப்பர் “ஸ்தோத்திரம்” என்று முனகினார். நான் காப்பி போட எழுந்து போனேன்.

அந்த ஞாயிறு சுகவீனர் ஜெபத்தில் அவள் பெயரை எதிர்பார்த்து நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு இருந்தேன். பெயர் வரவில்லை. மறந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன். பிறகு ஸ்தோத்திர ஜெபத்தில், குழந்தை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பிறகு, “பயணத்துக்கு ஆயத்தமாகிச் சமாதானத்தோடே காத்திருக்கிற எங்கள் சகோதரி மேரி தங்கத்துக்காக” என்றார். சற்று நிறுத்தினார். கோயில் முழுக்க என் ஆமெனுக்காகக் காத்திருந்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். துக்கம் தாங்காமல் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வழக்கம்போல் கேட்டாள். “எம்பேரச் சொன்னாவளா?”

சொன்னார்கள் என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தும் என் முகத்துக்குப் பொய் எழுத வரவில்லை. அவள் பார்த்துவிட்டாள். “எதுல சொன்னாவ?” என்றாள். சொன்னேன்.

முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, “நான் எப்பச் சொன்னேன் சமாதானமா இருக்கேண்ணு?” என்றாள். “அது ஊசிக்க சமாதானம். இவியளுக்கு முகத்தப் பாத்து அதுகூடத் தெரியல்லியே. எனக்குப் பயமா இருக்கு. கேட்டியளா? எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.”

எத்தனையோ வருஷம் கூடவே வாழ்ந்தும் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகிற இடம் நல்ல இடம்தானே என்று ஏதோ சொன்னேன். “போற எடம் நல்ல எடம்தான். அது எனக்குத் தெரியும், நான்லா பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கேன். போறதுக்குத்தான் பயம்” என்றாள்.

மறுநாளிலிருந்து வருகிறவர்களின் தோரணை மாறிவிட்டது. அதுவரை “சீக்கிரம் எந்திச்சு வந்திரு” என்றவர்கள் இப்போது விடைபெற வந்தார்கள். சுகத்துக்காக ஒருவரும் ஜெபிக்கவில்லை. சபை வழக்கப்படி அது இனி நன்றிகெட்ட ஜெபம். ஒரு அம்மாள் தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க அம்மயக் கண்டா நாங்க எல்லாரும் சொகமா இருக்கோம்ணு சொல்லு மக்கா” என்றாள். இன்னொருத்திக்கு இறந்துபோன மகனிடம் சொல்ல ஒரு செய்தி இருந்தது. அவர்கள் அன்போடுதான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. எல்லாரும் போன பிறகு தங்கம், “நான் என்ன தபால்காரியா?” என்று கேட்டாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு அவள் அழுதாள்.

“நான் செத்தாச்சு. இன்னும் அடக்கம் பண்ணல்ல, அவ்வளவுதான்” என்றாள். “எம்பேரு சொகமில்லாதவங்க கூட இருக்கணும். அங்க இருக்கது வர நான் இங்க இருக்கேண்ணு தோணும்.”

நான் ஐயர் வீட்டுக்குப் போனேன். அவர் கெட்டவர் அல்ல. சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று நான் சொன்னதைக் கேட்டார். முகம் வெளிறிவிட்டது. ஆனால், “சபை ஏறெடுத்த ஸ்தோத்திரத்த எப்படித் திரும்ப வாங்குறது? மூப்பர்மாருகிட்டக் கேக்கணும்” என்றார். மூப்பர்கள் ஆலோசித்தார்கள். நோயின் கடைசியில் சத்துருவாகிய சாத்தான் இப்படிச் சோதிப்பதுண்டு, டீச்சருக்காக நீர்தான் வைராக்கியமாக ஜெபிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிற பழமொழி இந்துக்களுக்கு மட்டும் உரியதல்ல.

அன்றே கதவை அடைத்துவிட்டேன். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, தூங்குகிறாள் என்று அனுப்பினேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானே எல்லாம் பார்த்துக்கொள்வேன் என்று இருந்தேன். வீறாப்பு சில நாள் தாங்கியது. அவளைத் தனியாகப் புரட்டும்போது ஒரு நாள் என் முதுகு பிடித்துக்கொண்டு, அவளைப் பாதியில் விட்டுவிட்டேன். அவள் கத்தின கத்தல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கதவு தட்டப்பட்டது. டெய்சி அக்கா நின்றாள். எத்தனை நாளாக அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தாளோ தெரியாது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அவளை நேராக்கிப் படுக்கவைத்து, பவுடர் போட்டு, துணி மாற்றினாள். ஒரு பாட்டும் பாடவில்லை.

“தம்பி, நீரு போயிக் கொஞ்சம் கெடயும்” என்றாள் என்னிடம்.

நான் அடுத்த அறையில் கிடந்தேன். அவர்கள் இரண்டு பேரும் பேசுவது கேட்டது. தங்கம் எல்லாவற்றையும் சொன்னாள். டெய்சி அக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “செரி, நீ என்ன செய்யணும்ணு நெனைக்க?” என்று கேட்டாள்.

“என்னயக் கோயிலுக்குக் கொண்டுபோங்க. நானே சொல்லுகேன்.”

டாக்டரம்மா முதலில் சம்மதிக்கவில்லை. அசைத்தால் வலி தாங்கமாட்டாள் என்றார். போகும் முன் கூடுதலாக ஊசி போட்டுவிடலாம் என்று பிறகு இறங்கிவந்தார். தங்கம் அதற்குத்தான் மறுத்தாள். காலை ஊசி வேண்டாம், கோயிலிலிருந்து வந்த பிறகு போட்டால் போதும் என்றாள். “ஊசி போட்டா எம்முகம் பொய் சொல்லும்” என்றாள். டாக்டரம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் இந்துப் பெண். எங்கள் சபை வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது. “செரி, போயிட்டு வரட்டே. நான் இவிடே காத்திருக்காம்” என்றார்.

ஞாயிறு காலை பிரம்பு நாற்காலியில் தலையணைகளை அடுக்கி அவளை உட்காரவைத்தோம். இரண்டு மூங்கிலைக் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். டெய்சி அக்காவின் கணவர் அண்ணாச்சி முன்னால் பிடித்தார். நான் பின்னால் பிடித்தேன். சாலைக் கடைத்தெரு ஞாயிற்றுக்கிழமையும் ஓயாது. மூட்டை வண்டிக்காரர்கள் வண்டியை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவள் பல்லைக் கடிப்பது பின்னாலிருந்த எனக்குத் தாடையில் தெரிந்தது. நிறுத்தவா என்று கேட்டேன். “நடங்க” என்றாள்.

ஆராதனை தொடங்கியிருந்தது. நடுப் பாதையில் நாற்காலியை இறக்கினோம். பாட்டு பாதியில் நின்றது. தன் வகுப்புப் பிள்ளைகள் முன் வரிசையில் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு அவள் கையை லேசாக அசைத்தாள். சபை நடுவே பெண்கள் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. ஐயர் என்ன செய்வதென்று தெரியாமல் பீடத்தின் அருகே நின்றார்.

“ஐயரே, எனக்குச் சமாதானம் இல்ல” என்றாள். குரல் மெலிந்திருந்தாலும் கோயில் அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. “இருந்தாச் சொல்லமாட்டேனா? எனக்குப் பயமா இருக்கு. வலி தாங்க முடியல்ல. எனக்கு இங்கயே இருக்கணும்ணு இருக்கு. இது பாவம்ணா ஆண்டவரு மன்னிக்கட்டும். கட்டிலோட நாலு பேரு ஆண்டவருகிட்டத் தூக்கிட்டு வந்த நோயாளி கத பிள்ளையளுக்குத் தெரியும். அவன்கிட்ட யாரும் உனக்கு விசுவாசம் இருக்காண்ணு கேக்கல்ல. தூக்கிட்டு வந்தவங்களுக்கு இருந்துது, அது போதுமா இருந்துது. எனக்க விசுவாசம் தீந்துபோச்சு. உங்கள்ட்ட இருக்கத வச்சு என்னயத் தூக்குங்க. எம்பேர அந்த ஜெபத்துலருந்து எடுக்காதீங்க.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது டெய்சி அக்கா முன் பெஞ்சிலிருந்து எழுந்தாள். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தங்கத்தின் வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தக் கால் தொங்கிக்கொண்டிருந்ததுதான் அவளை அதிகமாக வதைத்தது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். அன்றைய ஒழுங்கில் சுகவீனர் ஜெபத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் காத்திருக்கவில்லை. “எங்கள் சகோதரி மேரி தங்கம்” என்று மட்டும் சொன்னார். வழக்கப்படி வீட்டார் ஒருவர்தான் ஆமென் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கும் முன் கோயில் முழுவதும் சொல்லியது. முன் வரிசைப் பிள்ளைகள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்கள்.

இது நடந்ததால் அவள் பிழைத்துக்கொண்டாள் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. நோய் தன் வழியில் போயிற்று. வாந்தி வந்தது, மயக்கம் வந்தது. யூரிமியா என்றார் டாக்டரம்மா (சிறுநீரில் வெளியேற வேண்டிய நஞ்சு இரத்தத்திலேயே தங்கிவிடுவது). ஆனால் அந்த வாரங்களில் வீடு வேறு மாதிரி இருந்தது. பெண்கள் முறை வைத்து வந்தார்கள். வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. துணி துவைத்தார்கள், தலை வாரினார்கள், காப்பியை அவர்களே போட்டு எனக்கும் கொடுத்தார்கள். தங்கம் பயமாக இருக்கிறது என்று சொன்னால், “இருக்கும் மக்கா, இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பதிலை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லித்தந்திருக்கலாம்.

ஐயரும் வந்தார். கட்டிலோரம் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவள் அவரிடம், “ஐயரே, உங்களுக்குப் பயமா இருக்காதா?” என்று கேட்டாள். அவர், “இருக்கும்னுதான் நெனைக்கிறேன் டீச்சர்” என்றார். அவளுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அவர் போன பிறகு, “நல்ல மனுசன். பிரசங்கந்தான் நீளம்” என்றாள்.

ஒரு முற்பகலில் டெய்சி அக்காவும் நானும் அவளை இடப்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தோம். பாதி புரட்டியபோது அவள் கனம் மாறியது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதுவரை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து புரட்டிக்கொண்டிருந்தோம், பிறகு இரண்டு பேர். டெய்சி அக்கா என்னைப் பார்த்தாள். நாங்கள் அவளை மெதுவாகத் திரும்ப மல்லாக்கப் படுக்கவைத்தோம்.

கடைசியில் அவளுக்குச் சமாதானம் கிடைத்ததா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. கடைசியாக அவள் தெளிவாகக் கேட்டது தண்ணீர். அதற்கு முந்தின நாள் பயம் என்றும் சொன்னாள், டெய்சி பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்றும் சொன்னாள். அடக்க ஆராதனையில் இறந்தவரின் கடைசிச் சாட்சியை ஐயர் எடுத்துச் சொல்வது வழக்கம். அன்று அவர், “தங்கம் டீச்சர் கடைசிவரை நம்மிடம் ஜெபம் கேட்டுக்கொண்டிருந்தார், நாம் ஜெபித்துக்கொண்டிருந்தோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார். மூப்பர்களுக்கு அது போதவில்லை. எனக்குப் போதுமாக இருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஒரு கட்டிலருகே உட்கார்ந்திருக்கலாம். நோயாளி சமாதானமாக இருந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதை நோயாளியிடமிருந்து பிடுங்கப் பார்க்காதீர்கள். காலைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் மிகவும் களைத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்தால் புரட்ட வேண்டிய நேரம் வந்துகொண்டே இருக்கும், அதனால் போனேன். கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். சுகவீனர் ஜெபம் தொடங்கியது. ஐயர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார், அந்தந்த வீட்டார் ஆமென் சொன்னார்கள். தங்கத்தின் பெயர் வருகிற இடம் எனக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. அவர் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்தினார். நான் பழக்கத்தில் உரக்க ஆமென் என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது, அவர் சொன்னது என் பெயர்.

சுகமில்லாதவர்களில் ஒருவனாக என்னை நான் நினைத்துப் பார்த்ததில்லை. நான் பார்த்துக்கொள்கிறவன், தூக்குகிறவன், காப்பி போடுகிறவன். அடுத்த பெயருக்கு யாரோ ஆமென் சொன்னார்கள். அதற்குள் என் முதுகு வலிப்பது எனக்குத் தெரிந்தது. மழைக்காலத்திலிருந்தே வலித்திருக்க வேண்டும். தோள், மணிக்கட்டு, முழங்கால், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தங்களை அறிவித்துக்கொண்டன. எனக்கு ஐம்பது வயதுக்கு மேலாகிறது என்பதும், நான் பல மாதமாக நேராகப் படுத்துத் தூங்கவில்லை என்பதும் அந்தப் பெஞ்சில்தான் உறைத்தது. நான் அழுதேன். டெய்சி அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் கட்டிலில் படுத்தேன். கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. அது காலையா மாலையா என்று எனக்குத் தெரியவில்லை, அன்றுதானா மறுநாளா என்றும் தெரியவில்லை. எழுந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே பக்கமாகக் கிடந்து இடது தோள் மரத்துப்போயிருந்தது. நானே மெதுவாக மறுபக்கம் புரண்டு படுத்தேன்.